பாலில் கரைத்த பொடி

மருந்துக் கடையில் நிற்பவர்களுக்கு முதலில் தேய்வது முழங்கால். இருபத்திரண்டு வருஷம் நின்று, என் இரண்டு முழங்கால்களையும் சின்னக் காஞ்சிபுரத்துக் கடையின் சிமெண்டுத் தரையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஐம்பது ஆவதற்குள் ஓய்வா என்று கேட்கிறார்கள். முழங்காலுக்கு வயது தனி.

இப்போது அதே கவுன்டரில் நிற்கும் நீங்கள் இரண்டு பேரும் போன வாரம் ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். அமினோ அமில மாத்திரை. டென்ஷனிலும் மூளை தெளிவாக வேலை செய்யும் என்று மேலே போட்டிருந்தது. "இத நம்பி விக்கலாமாக்கா?" என்றீர்கள். வாயால் சொன்னால் ஒரு வரியில் முடித்துவிடுவேன், அந்த ஒரு வரி தப்பாகவும் இருக்கும். அதனால் எழுதுகிறேன். இது என் தப்பைப் பற்றியது. மாத்திரையைப் பற்றியது கொஞ்சம்தான்.

கடைக்குக் கைபேசி புதிதாக வந்திருந்த காலம் அது. மாத்திரை கம்பெனியின் பிரதிநிதி ஒருவர், காஞ்சிபுரத்துப் பங்குனி வெயிலில் கழுத்து டை வேர்வையில் ஒட்டிக்கொண்டிருக்க, என் கவுன்டரில் அந்தச் சாமானை முதன்முதலாக வைத்தார்.

"மேடம், டென்ஷன் வந்தா மூளை ஒரு சரக்கை வேகமா செலவு பண்ணிடும். அந்தச் சரக்கைச் செய்யற மூலப்பொருள்தான் இந்த டைரோசின். பாவு நூல் தீர்ந்துட்டா தறி நின்னுடும்ல? அந்த மாதிரிதான்."

அவர் பொய் சொல்லவில்லை. நம் உடம்பு பாலிலும் பருப்பிலும் எடுத்துக்கொள்வதுதான் அது. தூக்கம் கெட்டு, நெருக்கடி மிகுந்த நேரத்தில் சிலருக்குக் கொஞ்சம் உதவலாம் என்பார்கள். அந்தச் 'சிலருக்கு', 'கொஞ்சம்', 'உதவலாம்' என்கிற மூன்று சொற்களும் டப்பாவின் மேல் ஏறுவதில்லை. என் வாயிலும் ஏறவில்லை. பரீட்சைக் காலத்தில் ஐயம்பேட்டையிலிருந்து அம்மாக்கள் ஷேர் ஆட்டோவில் வந்து வாங்கிப் போனார்கள். பிள்ளைகள் நன்றாக எழுதினார்கள். மாத்திரையாலா, பக்கத்தில் உட்கார்ந்து விசிறிவிட்ட அம்மாக்களாலா என்று நான் யோசிக்கவில்லை. விற்கிற சாமானைப் பற்றி யோசனை தாமதமாகத்தான் வரும்.

வைகாசி உற்சவத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சாமி வந்தார். பெயர் வேண்டாம், வீதியில் எல்லோருக்கும் அவர் சாமிதான். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெருமாள் புறப்பாட்டில் முன்னால் பாசுரம் சொல்லிக்கொண்டு நடக்கும் கோஷ்டிக்கு அவர்தான் தலை. கோஷ்டி இரண்டு வரிசையாகப் போகும். சாமி ஒரு அடியை எடுத்துக் கொடுத்தால்தான் எதிர் வரிசை அடுத்த அடியைச் சொல்லும். கையில் புத்தகம் கிடையாது. பத்து நாளும் எல்லாம் மனப்பாடம். அந்த இடத்துக்கு வர அவர் முப்பது வருஷம் பின் வரிசையில் நடந்திருக்கிறார்.

"தாமல் பொண்ணே," என்றார். என் ஊர்ப் பெயரால்தான் என்னைக் கூப்பிடுவார். "நேத்திக்கு சன்னதியில ஒரு அடி எடுக்க வரலை. மூணு மூச்சு நேரம். எல்லாரும் என் வாயையே பாத்துண்டிருக்கா."

"தூக்கம் வருதா சாமி?"

"வரது. ஆனா எதிராத்துக்குப் போயிடறது. அவா நன்னா கொறட்டை விடறா."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே கேட்டேன். "பிரஷர், சுகர் எதுனா இருக்குதா? வேற மாத்திரை சாப்பிடறீங்களா?"

"உன் கடையில நான் என்ன வாங்கியிருக்கேன்னு நீயே சொல்லேன்."

தலைவலித் தைலம். இருமலுக்கு ஒரு பாட்டில். அவ்வளவுதான். எனக்கு வீதியின் மருந்தெல்லாம் மனப்பாடம். எந்த வீட்டில் சர்க்கரை, எந்த வீட்டில் மூட்டுவலி, எந்த மருமகள் எந்த மாசம் எதை வாங்கினாள் என்பது வரை. அது பெரிய தேர்ச்சி என்று நினைத்திருந்தேன். அவர் என் கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, வேறொரு கேள்வியைத் திருப்பித் தந்தார் என்பது எனக்கு உறைக்கவில்லை. என் கடையைத் தாண்டி ஒரு மருந்து இருக்க முடியும் என்ற நினைப்பே அந்த நேரத்தில் இல்லை.

கேப்ஸ்யூலை எடுத்துக் கொடுத்தேன். விரல்களுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்த்தார். "இந்த ஓடு?"

ஓடு எதில் செய்வது என்று உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். மாட்டு எலும்பிலிருந்து எடுக்கும் பசை. எங்கள் வீதியில் அது தெரிந்த வீடுகள் நிறைய. ஓட்டைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பொடியை மட்டும் சாப்பிடுவது அங்கே வழக்கம். எதைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கவே கூடாது என்று நான் ஒரு பட்டியலே மனசில் வைத்திருந்தேன். வேறு எந்தக் கடையிலும் இவ்வளவு பாந்தமாகச் சொல்லித் தர மாட்டார்கள்.

"அத்த பிரிச்சுப் போட்டுடுங்க சாமி. பொடிய மட்டும் காலையில வெதுவெதுப்பா ஒரு டம்ளர் பால்ல கலக்கிக் குடிச்சிடுங்க. கசப்பே தெரியாது."

"பால்லயா? பேஷ். வேலை சுலபமாப் போச்சு."

எந்த வேலை சுலபமாயிற்று என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கேட்காதது ஒரு தப்பு. செய்தது இன்னொன்று. மறுநாளிலிருந்து யார் தயங்கினாலும் சொன்னேன்: "நம்ம சாமியே சாப்பிடறாரும்மா." பத்து டப்பா போயிற்று.

உற்சவத்தின் மூன்றாம் நாள் சாமி மறுபடி வந்தார். கடையில் கூட்டம். குரல் கூட்டத்துக்குள் அமுங்கிக் கேட்டது.

"மனசு கொஞ்சம் முழிச்சுண்டிருக்காப்ல இருக்கும்மா. உடம்புதான் சொன்ன பேச்சு கேக்கலை. பஞ்சகச்சம் கட்டிக்கறதுக்குள்ள பெருமாளே ஒரு சுத்து சுத்தி வந்துடுவார் போல."

வேடிக்கையாகப் பேசினார். நான் இன்னொருவருக்கு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். "அலைச்சல்தான் சாமி. ரெண்டா போட்டுக்கங்க." தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்ந்திருந்தால் பார்த்திருப்பேன். வேடிக்கை வாயில் இருந்தது, முகத்தில் இல்லை. வெள்ளையடித்த சுவர் போல அது அசையாமல் இருந்திருக்கும். இன்றுவரை என்னைத் தூங்கவிடாமல் வைத்திருப்பது அந்த நிமிராத தலைதான்.

ஆறாம் நாள் காலை. வீதி முழுக்கத் தண்ணீர் தெளித்து வாசலுக்கு வாசல் கோலம், ஓரத்தில் காவிப் பட்டை. என் கடை வாசலில் மட்டும் ஒன்றும் கிடையாது. வண்டி ஏற சிமெண்டு சரிவு போட்டு வைத்திருந்தேன். நாதஸ்வரம் தெருமுனை திரும்பியது. கோஷ்டி வந்தது. பின்னால் குடை, பல்லக்கு. என் கடைக்கு நேராக வந்த சாமியின் கால் நின்றது.

விழவில்லை. மயங்கவில்லை. நின்றார். உடம்பு மட்டும் முன்னால் போகப் பார்த்தது. பாதங்கள் தரையோடு தைத்தது போல் இருந்தன. வாய் அடியை எடுத்தது, சத்தம் வெளியே வரவில்லை. எதிர் வரிசை காத்துக்கொண்டு நின்றது.

"இன்னாபா ஆச்சு முன்னாடி? தோள் கயண்டுக்கினு போவுது!" பல்லக்கு தூக்கும் முசரவாக்கத்துக்காரர் ஒருவர்.

"மாமாக்கு சுகர் எறங்கிடுத்து. யாராவது க்ளூகோஸ் குடுங்கோ!"

"சுகரும் இல்ல ஒண்ணும் இல்ல, வாதம்பா இது. ஆட்டோ கூப்புடு!"

பிறகு அந்தக் குரல் வந்தது. என்னிடம் டப்பா வாங்கிப்போன அம்மா. "யக்கா, அந்த மூளை மாத்திரை வச்சிருக்கியே, சாமி சாப்பிடறதுன்னு சொல்லுவியே, அதுல ஒண்ணு ஒடச்சு வாயில போடுக்கா! சரியாப் பூடும்."

நாலைந்து பேர் என் பக்கம் திரும்பினார்கள். டப்பா என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

தம்பி, தங்கச்சி, அவசரத்தில் நம் கை தானாக எதையாவது எடுத்துக் கொடுக்கத்தான் போகும். எதிரில் ஒருவர் தவிக்கும்போது வெறுங்கையோடு நிற்பதுதான் நம் தொழிலில் இருப்பதிலேயே கஷ்டமான வேலை. நான் அன்று வெறுங்கையோடு கீழே இறங்கினேன்.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கண் இமைக்கவில்லை. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு மணியை உருட்டிக்கொண்டே இருந்தன. பாடப் புத்தகத்தில் படித்த வரி ஒன்று இத்தனை வருஷம் கழித்து என் முன்னால் பஞ்சகச்சம் கட்டி நின்றது. காதருகே கேட்டேன்.

"சாமி, நடுக்கத்துக்கு மாத்திரை சாப்பிடறீங்களா?"

சத்தம் இல்லாமல் உதடு மட்டும் அசைந்தது. "யார்ட்டயும் சொல்லாதே."

எதிர் வீட்டு வாசலில் மாமி நின்றாள், அவர் மனைவி. நான் அவளிடம் போவதற்குள் "ஒண்ணுமில்லேம்மா, வயசு, அலைச்சல்" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள். அதையும் அவள் பல வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருக்க வேண்டும்.

"மாமி, நான் குடுத்த பொடியாலதான் இதுன்னு எனக்கு பயமா இருக்குது. பழி என்னுது. மாத்திரை பேரை மட்டும் என் காதுல சொல்லுங்க. வேற யாருக்கும் போவாது."

மாமி என்னைப் பார்த்தாள். "இந்த ஊர்ல வாங்கினா நாலு மணிக்கு வாங்கினது அஞ்சு மணிக்கு வீதி பூரா தெரிஞ்சுடும்னுதான் மாசாமாசம் மெட்ராஸ் போய் வாங்கறோம்," என்றாள். பிறகு பெயரைச் சொன்னாள். நான் நினைத்ததுதான். லெவோடோபா. நடுக்குவாதத்துக்கான மாத்திரை.

"எப்படி சாப்பிடறாரு?"

"முன்னெல்லாம் வெறும் வயித்துல, தண்ணியில. இப்ப நீ பால் சொன்னியோன்னோ, உற்சவ அவசரத்துல ரெண்டையும் ஒரே டம்ளர்ல போட்டுக் குடுத்துடறேன்."

வேலை சுலபமாப் போச்சு என்று அவர் சொன்னது இதைத்தான்.

அதற்குப் பிறகு மாமி செய்ததை அப்போது நான் புரிந்துகொள்ளவில்லை. வாசற்படியில் இருந்த கோலமாவுக் கிண்ணத்தை எடுத்தாள். கூட்டத்துக்கு நடுவில் நடந்து போய்க் குனிந்து, சாமியின் பாதத்துக்கு ஒரு சாண் முன்னால் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். பெருமாளுக்கு முன்னால் ஒரு பெண் கோலம் போடுகிறாள். யாருக்கு என்ன தோன்றும்? சாமியின் கண் கோட்டின் மேல் இறங்கியது. கால் எழுந்தது. தாண்டியது. மாமி அடுத்த கோட்டை இழுத்தாள். அதையும் தாண்டினார். கோடு கோடாக என் கடைச் சரிவு வரை அவரைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டாள். நான் நாற்காலி போட்டேன்.

கோஷ்டி காத்திருந்தது. கூட்டம் காத்திருந்தது. "இன்னா சீக்குக்கா சாமிக்கு?" என்று நாலு வாய் ஒரே நேரத்தில் கேட்டது. அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. அந்தப் பதிலைச் சொன்னால் என் மேல் ஒரு தூசு விழாது. நோயாளி மறைத்தார், நான் என்ன செய்வேன்? கைதேர்ந்த பதில், பாதி உண்மையும்கூட. ஆனால் அது வெளியே வந்த நிமிஷத்தில் முப்பது வருஷம் நடந்து பிடித்த இடம் அவர் கையை விட்டுப் போய்விடும்.

"நான் குடுத்த சத்துப் பொடி சாமிக்கு ஒத்துக்கல," என்றேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன். "தப்பு என்னுது. சரியா விசாரிக்காம குடுத்துட்டேன். வாங்கிப் போனவங்க, வேற மாத்திரை எதுனா சாப்பிடறவங்களா இருந்தா, என்னை வந்து பாக்காம இனிமே அதைத் தொடாதீங்க."

இதிலும் பொய் இல்லை. என்னுடையதைச் சொன்னேன். அவருடையதை அவரிடமே விட்டேன். உண்மைக்கும் சொந்தக்காரர் உண்டு என்பதை அன்று அந்தச் சரிவில் நின்றபோதுதான் கற்றேன். கோஷ்டியில் அடுத்தவர் அடியை எடுத்தார். நாதஸ்வரம் நகர்ந்தது. சாமி நாற்காலியில் உட்கார்ந்தபடி, தான் இல்லாமல் போகிற பாசுரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கண்ணில் மட்டும் தண்ணீர்.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்தார். உள் அறையில் மாமியை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மூன்றாம் நாள் தலை நிமிராமல் இரண்டாக்கச் சொன்னதையும் சேர்த்து. அவர் சென்னை நரம்பு டாக்டரோடு போனில் பேசிவிட்டு விளக்கினார். பாலில் இருக்கும் புரதம் செரித்தால் அமினோ அமிலம். பொடியும் அதே. சாமியின் மாத்திரையும் கிட்டத்தட்ட அந்த ஜாதி. குடலிலிருந்து ரத்தத்துக்கும், ரத்தத்திலிருந்து மூளைக்கும் எல்லாவற்றுக்கும் ஒரே வாசல். கூட்டத்தில் மாத்திரை வெளியே நின்றுவிட்டது.

நான் தாமல் ஏரிப் பாசனத்தில் வளர்ந்தவள். எனக்கு அது வேறு மாதிரி புரிந்தது. ஒரு மதகு, ஒரு வாய்க்கால். மேல் மடைக்காரர்கள் பத்துப் பேர் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால், கடைமடையில் இருக்கிற ஒரு காணி காயத்தான் செய்யும். ஏரியில் தண்ணீர் இருந்து என்ன?

"எல்லாம் அந்தப் பொடியாலதானா டாக்டர்?"

"பொடியால எவ்வளவு, பாலால எவ்வளவு, ஆறு நாள் தூங்காததால எவ்வளவுன்னு பிரிச்சு சொல்ல முடியாதும்மா."

என்னாலும் இன்றுவரை பிரிக்க முடியவில்லை. ஆனால் பால் என்றவள் நான். இரண்டாகப் போடுங்கள் என்றவள் நான்.

பொடி நின்றது. மாத்திரை பழையபடி தண்ணீருக்குத் திரும்பியது. ஒன்பதாம் நாள் சாமி கோஷ்டிக்குத் திரும்பி வந்தார். குரல் சின்னதாக இருந்தாலும் ஒரு அடியும் தவறவில்லை. எனக்குப் 'பொடிக்காரி' என்று பட்டம் கிடைத்தது. டப்பாக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. சிலர் இருமல் மருந்து வாங்கக்கூட எதிர்க்கடைக்குப் போனார்கள். அடுத்த மாதம் பிரதிநிதி வந்து அங்கலாய்த்தார்.

"பொதுவுல ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க? அந்தப் பெரியவருக்கு வேற ஏதோ சீக்கு இருந்திருக்கணும். அதைச் சொல்லியிருந்தா நம்ம சரக்குக்குப் பேரு கெட்டிருக்காதே?"

"அந்தச் சீக்குப் பேரு எனக்குத் தெரியாதுங்க," என்றேன். அந்தத் தொழிலில் நான் தெரிந்தே சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

நாலு மணிக்கு வாங்கினது அஞ்சு மணிக்கு வீதி பூரா தெரிந்துவிடும் என்று மாமி சொன்னதுதான் மருந்தைவிட ஆழமாக இறங்கியது. அவர்கள் நோயை மறைத்தது வீதிக்குப் பயந்து என்று இருந்தேன். இல்லை, எனக்குப் பயந்து. என் மனப்பாடத்துக்கு, என் வாய்க்கு. இன்னார் சாப்பிடுகிறார் என்று பெயர் சொல்லியே டப்பா விற்கிறவளிடம் அவர்கள் எப்படி நடுக்க மாத்திரை கேட்பார்கள்? நான் கேட்ட கேள்விக்குப் பதில் வராததற்குக் காரணம், நான் மற்றவர்களின் பதில்களை வைத்துக்கொண்டு செய்த வியாபாரம்.

அதனால் உங்கள் டப்பாவுக்கு வருகிறேன். விற்கலாம், விற்காமலும் இருக்கலாம். அந்த முடிவு உங்களுடையது. ஆனால் யாருக்கு என்று கேளுங்கள். வேறென்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்கும்போது, 'என்கிட்ட வாங்காததையும் சேர்த்து' என்று சொல்லுங்கள். எதோடு சாப்பிடப் போகிறார்கள் என்று கட்டாயம் கேளுங்கள். பாலா, தண்ணீரா, கஞ்சியா என்று எந்தப் பாடத்திலும் எனக்கு யாரும் கேட்கச் சொல்லித் தரவில்லை. பதிலைக் கேட்கும்போது கையிலிருக்கும் வேலையை நிறுத்தி முகத்தைப் பாருங்கள். கேட்டது கவுன்டரைத் தாண்டி வெளியே போகவே கூடாது. 'மனசு கலங்குது, ஞாபகம் நழுவுது' என்று ஒருவர் வந்தால் அவர் மாத்திரைதான் கேட்கிறார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில சமயம் அவர் மறைத்து வைத்திருப்பதை இறக்கிவைக்க ஒரு இடம் தேடிக்கொண்டிருப்பார். அந்த இடமாகவும் நீங்கள் இருக்கலாம்.

அடுத்த வருஷம் உற்சவத்துக்கு முன்னால் சாமி தானாகவே கோஷ்டியைக் கூப்பிட்டு உட்காரவைத்துத் தன் நோயைச் சொல்லிவிட்டார். அவரே பின் வரிசைக்குப் போய் நின்றார். போகும்படி யாரும் சொல்லவில்லை. அந்த மாதத்திலிருந்து மாத்திரை என் கடையில்தான். வீதியில் வெளிப்படையாக வாங்கினார். நான்தான் காகிதப் பையில் போட்டுத் தந்தேன்.

கோட்டின் ரகசியத்தை மாமி எனக்குச் சொல்லியிருந்தாள். நடை உறைந்து நிற்கும்போது, தாண்ட ஒரு கோடு கிடைத்தால் சிலருக்குக் கால் எழுந்துவிடும். வீட்டில் சமையலறை வாசலில் அவள் தினமும் இழுப்பாளாம். வாசலுக்கு வாசல் கோலம் இருந்த வீதியில் என் கடை முன்னால் மட்டும் தரை வெறுமையாக இருந்தது. அதனால்தான் சரியாக அங்கே நின்றாரா? தெரியாது. தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் அந்த அடுத்த வருஷ உற்சவத்தின் ஆறாம் நாள் காலையில் நான் சிமெண்டுச் சரிவைக் கழுவிவிட்டு, மாவும் காவியும் எடுத்துக்கொண்டு, கடைக்கு முன்னால் தெருவின் குறுக்கே பட்டுப்புடவைக் கரை மாதிரி பட்டை பட்டையாகக் கோடு இழுத்தேன். ஒரு அடிக்கு ஒன்று. எனக்குக் கோலம் வராது. பள்ளிக்கூடத்திலும் கோடு நேராக வந்ததில்லை.

கோஷ்டி வந்தது. பின் வரிசையில் சாமி. முதல் கோட்டுக்கு முன்னால் வேகம் குறைந்தது. கவுன்டரில் நான் கையிலிருந்ததைக் கீழே வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனார், பாசுரத்தை விடாமல்.

சாயங்காலம் மாத்திரை வாங்க வந்தபோது சிமெண்டுச் சரிவில் நின்று, மிதிபட்டு மங்கிப்போயிருந்த கோடுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கோணல் தாமல் பொண்ணே," என்றார். "ஒண்ணுகூட நேரா இல்லை. ஆனா கால் படிச்சுடுத்து."